வளையத்தைத் தோளில் போட்டுக்கொண்டு பாலத்தில் நடந்தவர்

தேவசகாயம் போய்விட்டார் என்பதை, அவருடைய பழைய நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருக்கும் புதிய ஸ்டேஷன் மாஸ்டர்தான் எனக்குச் சொன்னார். பாளையங்கோட்டையிலிருந்து தந்தி வந்திருந்தது. மகள் வீட்டில், தூக்கத்திலேயே உயிர் பிரிந்ததாம். எதற்கெடுத்தாலும் பயந்த மனிதருக்கு அதற்கு மட்டும் பயப்பட அவகாசம் கிடைக்கவில்லை.

கோர்ட்டுக் கச்சேரிக்கும் பள்ளிக்கூடத்துக்கும் காலை வண்டியில் திருநெல்வேலி போய்வரும் நம் கூட்டத்துக்கு அவரைத் தெரியும். பிறகு வந்தவர்களுக்காகச் சொல்கிறேன். தாமிரபரணியின் தென்கரையில், பாலத்துக்கு இந்தப் பக்கம் இருக்கும் நம் சிறிய ஸ்டேஷனுக்கு அவர் மாஸ்டராக இருந்தார். ஆள் வாட்டசாட்டம். பயம் அதைவிடப் பெரிது. அணைத்த விளக்கைத் திரும்பி வந்து தொட்டுப் பார்ப்பார். பூட்டிய பூட்டை இழுப்பார், நாலடி போய்த் திரும்பி வந்து மறுபடியும் இழுப்பார். ராத்திரி வீட்டுக் கதவிடமும் இதே கதைதான் என்று அவர் சம்சாரம் என் சம்சாரத்திடம் சொல்லி, அது வண்டி முழுவதும் பரவியது. பரப்பியவன் யார் என்று நீங்கள் கேட்க மாட்டீர்கள்.

அவர் பூட்டை இழுப்பதை வண்டியில் நடித்துக் காட்டுவது என் வழக்கம். ஒருநாள் ஜன்னல் வழியாக அவரே பார்த்துவிட்டார். கோபிக்கவில்லை. "நல்லாத்தான் செய்யுதீரு வே. கடைசியா ஒரு இழுப்பு உண்டு, அத விட்டுட்டீரு" என்றார்.

அந்த ஐப்பசி வெள்ளம் உங்களுக்கு நினைவிருக்கும். காலை வண்டி நம் ஸ்டேஷனில் நின்றது. வண்டி வரலாம் என்று அக்கரை ஸ்டேஷன் வழி விட்டாயிற்று. ஒற்றைத் தடத்தில் போக அனுமதியாக டிரைவரிடம் கொடுக்கும் பிரம்பு வளையத்தைக் கையில் வைத்துக்கொண்டு தேவசகாயம் ஆற்றையே பார்த்துக்கொண்டிருந்தார். கார்டு கத்தினார். வண்டிக்குள்ளிருந்து எல்லாரும் கத்தினார்கள். என் சத்தம்தான் பெரிது. அன்று எங்கள் வக்கீலின் பெரிய வழக்கு விசாரணைக்கு வருகிறது. கட்டு முழுவதும் குமாஸ்தாவான என் மடியில்.

அவர் வளையத்தைத் தன் தோளில் மாட்டிக்கொண்டு நேரே என் ஜன்னலுக்கு வந்தார். "பிள்ளைவாள், இறங்கும். நீரும் நானும் ஒரு எட்டு பாலத்துல போய்ப் பாத்துட்டு வருவோம்" என்றார். அத்தனை பேர் முன்னால் மாட்டேன் என்று சொல்ல வெட்கப்பட்டு இறங்கினேன். என் வாழ்நாளில் நான் காட்டிய ஒரே வீரம் அந்த வெட்கம்தான்.

தண்டவாளத்துக்கு அடியில் கட்டைக்குக் கட்டை இடைவெளி. ஒவ்வொரு இடைவெளியிலும் செம்மண் நிறத்தில் ஆறு ஓடியது. ஒரு கூரை முழுசாகப் போயிற்று. ஒரு கன்றுக்குட்டி கால்கள் மேலே இருக்கப் போயிற்று. கீழே பார்த்தால் தண்ணீர் நின்று பாலம் ஓடுவதுபோல் இருந்தது. நான் அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டேன். அவர் வாய்க்குள் ஜெபித்துக்கொண்டே நடந்தார். நடுவில் ஒருமுறை திரும்பி, "நாம விழுந்தா வளையமும் விழும். வளையம் இல்லாம வண்டி வராது. அது ஒரு நிம்மதி வே" என்றார். எனக்கு அதில் நிம்மதி எதுவும் தெரியவில்லை.

பாதிப் பாலத்தில், வேரோடு வந்த மருதமரம் ஒன்று தூணில் குறுக்கே சிக்கியிருந்தது. அதன்மேல் தண்ணீர் ஏறி இடித்தது. உள்ளங்காலில் ஒரு நடுக்கம்.

"பாலம் நடுங்குதா, நம்ம காலு நடுங்குதா?" என்று கேட்டார். அதைத் தெரிந்துகொள்ள இரண்டு பேரும் தண்டவாளக் கட்டைமேலேயே உட்கார்ந்தோம். கால் ஓய்ந்த பிறகும் நடுக்கம் இருந்தது. "பைய எந்திரியும்" என்றார். திரும்பினோம்.

அன்று வளையத்தை அவர் யாரிடமும் கொடுக்கவில்லை. சாயங்காலம் மரம் தானாக விலகி மிதந்து போயிற்று. பாலம் நின்றது. மறுநாள் வண்டிகள் ஓடின. அதுதான் அவருக்கு வினையாயிற்று. பாலம் விழுந்திருந்தால் அவருக்கு மாலை போட்டிருப்பார்கள்.

கோழைத்தனத்தால் வண்டியை நிறுத்தினார் என்று விசாரணை வந்தது. வேலையே போய்விடும் என்ற பேச்சு. ஒரே சாட்சி நான். பாலம் நடுங்கியதா, நீங்கள் நடுங்கினீர்களா என்று விசாரிக்க வந்த வெள்ளைக்கார துரை கேட்டார். "இரண்டும்" என்றேன். கூடியிருந்தவர்கள் சிரித்தார்கள், நான் வாயைத் திறந்தாலே சிரித்துப் பழகியவர்கள். துரையும் சிரித்துவிட்டார். நான் சத்தியம் செய்தேன். அதற்கு இன்னும் பலமாகச் சிரித்தார்கள்.

வேலை தப்பியது. சம்பளத்தைக் குறைத்து, ஆறே இல்லாத கரிசல்காட்டு ஸ்டேஷன் ஒன்றுக்கு மாற்றினார்கள். புறப்படுகிற அன்று அவர் முகத்தைப் பார்க்கக் கூசி நான் வேப்பமரத்துக்குப் பின்னால் நின்றேன். அவரே தேடி வந்தார். "சரியாத்தான் சொன்னீரு. ரெண்டும்தான நடுங்கிச்சு? ஒண்ண விட்டிருந்தா பொய்யால்லா போயிருக்கும்" என்றார். பிறகு ஸ்டேஷன் அறைப் பூட்டை இழுத்துப் பார்த்தார். கடைசியாக ஒரு இழுப்பு.

அவருடைய பயம் என்னிடம் வந்து சேர்ந்துவிட்டது. அன்று முதல் வண்டி பாலத்தில் ஏறும்போதெல்லாம் செருப்பைக் கழற்றி, இரண்டு பாதங்களையும் வண்டியின் தரைப் பலகையில் வைத்துப் பார்க்கிறேன். அதையும் நடிப்பு என்று நினைத்து நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள்.

அடக்கத்துக்குப் போன அன்றும் அப்படியே வைத்தேன். கோடைக்காலம். ஆற்றில் முழங்கால் அளவுத் தண்ணீர். பாலம் அசையவே இல்லை. நடுக்கம் மட்டும் அக்கரை போய்ச் சேரும்வரை இருந்தது.