பிரேக் பெடலில் ஓர் ஆட்டம்

ஜப்பான் இன்ஜினியர் பஸ்களைச் சோதிக்க வருகிறார் என்றதும், பணிமனையின் பிரேக் மெக்கானிக் போனைப் பார்த்து ஜப்பானிய மொழி கற்கத் துணிந்தார். ஐம்பத்திரண்டு வயதில் வேர்த்து விறுவிறுத்து அவர் தாண்டியது ஒரே பாடம், விளையாட்டுப் பாடம். 'அசோபோ' என்றால் விளையாடலாம் வா. 'அசோபி' என்றால் விளையாட்டு.

இன்ஜினியர் வருவதற்கு முந்தின நாள் மத்தியானம் பிரேக்கைச் சரிபார்க்காமல் சீட்டாடப் போனது அவர் மனசை அரித்துக்கொண்டே இருந்தது. வந்தவரோ பெடலை மிதித்துப் பார்த்து, முகம் சுளித்து, நேரே இவரைப் பார்த்து "அசோபி!" என்றார்.

சீட்டாடியது தெரிந்துபோய்விட்டது என்றே மெக்கானிக் நினைத்தார்.

"ஒரே ஒரு ஆட்டம்தான் சார்! வேலையில கை வச்சிராதீங்க!" என்று பக்கத்தில் நின்ற போர்மேனிடம் கதறினார்.

ஜப்பான்காரர்களோடு பத்து வருஷம் பழகிய போர்மேன் சிரித்துவிட்டார். "யோவ், பெடல்ல ஆட்டம் இருக்குன்னு சொல்றாருய்யா. அவங்க பாஷையில அதுக்கும் அசோபிதான்."

அப்புறம் சிரிப்பை நிறுத்தினார். "அது இருக்கட்டும். நீ சொன்னது என்ன ஆட்டம்?"

"அந்த ஆட்டத்தால வந்ததுதான் சார் இந்த ஆட்டம்" என்றார் மெக்கானிக், தலையைக் குனிந்துகொண்டு.

போர்மேன் ஸ்பேனரை எடுத்து நீட்டினார். அதற்குப் பதிலாக அவர் நாலு திட்டு திட்டியிருக்கலாம்.