வாசலில் விட்ட தெலுங்கு

என் கணவருக்கு வாதம் வந்து பதினோராம் நாள், திருப்பதி ஆஸ்பத்திரிக் கட்டிலில் அவர் வாயிலிருந்து முதல் சொல் வந்தது. "நீள்ளு" என்றார். தண்ணீர் கேட்கிறார். நர்ஸ் ஓடிவந்து ஸ்பூனால் ஊட்டினாள். பக்கத்துக் கட்டில்காரரின் சம்சாரம் கையெடுத்துக் கும்பிட்டாள். எனக்கு மட்டும் சுருக்கென்றது. முப்பத்து நாலு வருஷம் என்னிடம் தண்ணீர் கேட்ட மனுஷன், பிழைத்து வந்ததும் வேறு யார் வீட்டிலோ கேட்கிற மாதிரி கேட்டார்.

சித்தூர்க்காரிக்குத் தெலுங்கு என்ன புதுசா என்று நீங்கள் சிரிக்கலாம். புதுசே இல்லை. திருப்பதியில் ஒரு டிகிரி காலேஜில் பாதி தெலுங்கும் பாதி இங்கிலீஷுமாகத் தத்துவம் நடத்தி ரிடையரானவள் நான். அவருக்கு சித்தூர் பஸ் டிப்போவில் வண்டிகளுக்கு நேரம் போட்டு அனுப்புகிற வேலை. அங்கேயும் நாளெல்லாம் தெலுங்குதான். எங்கள் பக்கத்து வீடுகளில் ஒரு வாக்கியம் தமிழில் கிளம்பித் தெலுங்கில் போய் இறங்கும். நகரியில் என் நைனா மாட்டைத் திட்டுவதுகூட இரண்டும் கலந்துதான். எனக்கு அந்தக் கலப்பு பிடிக்காது. கல்யாணமான புதிதில் ஒரு சட்டம் போட்டேன்: செருப்பையும் தெலுங்கையும் வாசலில் விட்டுவிட்டுத்தான் உள்ளே வரவேண்டும். "சரிமே, உன் இஷ்டம்" என்றார். ஒரு நாளும் அதை மீறியதில்லை.

இப்போது அந்தத் தமிழ்தான் போய்விட்டது. வாசலில் விட்டது அவரோடு உள்ளே வந்துவிட்டது.

டாக்டர் சின்ன வயசுக்காரர், பொறுமையாகச் சொன்னார். "மூளையில இடது பக்கம் ரத்தம் அடைச்சிருக்குது மேடம். அதனாலதான் வலது கை, வலது கால், பேச்சு மூணும் அடி வாங்கியிருக்குது. நீங்க பேசற தமிழ் அவருக்குப் புரியுது, வாயிலதான் வரல. ரெண்டு பாஷை இருக்கறவங்களுக்கு ரெண்டும் ஒண்ணா திரும்பும்னு சொல்ல முடியாது. எது வருதோ அதுல பேசுங்க. அதப் புடிச்சிக்கினுதான் அவர் ஏறி வரணும்."

தலையாட்டினேன். மனசுக்குள் ஒரு வார்த்தையும் ஏறவில்லை.

அதற்கு என் படிப்பும் ஒரு காரணம். வகுப்பில் உலகாயதர்களுக்கு நான் பத்து நிமிஷம்தான் கொடுப்பேன். வெற்றிலையில் சிவப்பு இல்லை, பாக்கில் இல்லை, சுண்ணாம்பில் இல்லை. மூன்றும் சேர்ந்து வாயில் அரைபட்டால் சிவப்பு பிறக்கிறது. அதுபோல மண்ணும் நீரும் காற்றும் சேர்ந்த உடம்பில் அறிவு பிறக்கிறது, ஆத்மா என்று தனியாக ஒன்றும் கிடையாது என்பது அவர்கள் கட்சி. அதைச் சொல்லிவிட்டு, கொஞ்சம் இளக்காரமாகச் சிரித்துவிட்டு, எனக்குப் பிடித்த இடத்துக்குப் போவேன். உடம்பு வீடு, உள்ளே இருப்பவர் வேறு. வீடு இடிந்தால் குடியிருப்பவருக்கு ஒன்றும் ஆகாது. ஆத்மாவுக்கு உடம்பு எப்படியோ, அப்படி இறைவனுக்கு ஆத்மா என்பதைத் திருப்பதிப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கவே வேண்டியதில்லை, மலையைப் பார்த்தபடியே தலையாட்டுவார்கள். ஒரே ஒரு பெண், கங்காதர நெல்லூரிலிருந்து வருகிறவள், ஒருமுறை எழுந்து, ஆத்மா எந்த பாஷையில் பேசும் மேடம் என்று கேட்டாள். வகுப்பே சிரித்தது. ஆத்மாவுக்கு பாஷை கிடையாது, உட்கார் என்றேன்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் அந்தப் பெண் எதிரே வந்திருந்தால் அவளிடம் மன்னிப்புக் கேட்டிருப்பேன். ஒரு கடுகளவு ரத்தக் கட்டி, "இன்னாமே, துன்னியா?" என்று தினமும் கேட்ட ஆளைத் துடைத்து எடுத்துவிட்டது. உள்ளே குடியிருப்பவருக்கு ஒன்றும் ஆகவில்லை என்றால், அதைக் கேட்டது யார்? வெறும் நாக்கா? அந்த நாக்கைத்தான் நான் இத்தனை வருஷம் புருஷன் என்று நினைத்துக்கொண்டிருந்தேனா?

வீட்டுக்குக் கூட்டிவந்த இரண்டாவது வாரம் எதிர் மேஜைக்காரி வந்தாள். டிப்போவில் இவருக்கு எதிர் மேஜையில் உட்கார்ந்து வேலை பார்த்தவள். அவளும் ரிடையராகிவிட்டாள், கணவர் இல்லை, தெலுங்குக்காரி, தமிழும் பேசுவாள். ஸ்கூட்டரில் வந்து இறங்கி, வேகவைத்த வேர்க்கடலையை டிபன் பாக்ஸோடு என் கையில் கொடுத்துவிட்டு, அவர் முன்னால் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். என் வீட்டுக் கூடத்தில், என் சட்டத்துக்குக் கீழே, தெலுங்கில் பேச ஆரம்பித்தாள்.

அவரும் பேசினார்! என்னிடம் கண்ணால் கேட்கிறவர், கையால் காட்டுகிறவர், அவளிடம் வாயைத் திறந்தார். முதலில் ஒரு சொல், பிறகு இரண்டு. செவ்வாயும் வெள்ளியும் வருவாள். ஒரு மாதத்தில் அவர் முழு வாக்கியம் பேசினார். இரண்டாவது மாதத்தில் கதை சொன்னார். சாந்திபுரம் வண்டியில் ஒரு ஆடு தானாக ஏறி, கடைசி சீட்டில் உட்கார்ந்து குப்பம் வரைக்கும் போய்விட்ட கதை. திக்கித் திக்கி, நடுவில் சொல் கிடைக்காமல் இடது கையால் கொம்பு வைத்துக் காட்டி, வாயின் ஒரு பக்கத்தால் சிரித்துச் சொன்னார். அவள் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள்.

சமையலறையில் நின்று கேட்டுக்கொண்டிருந்த எனக்கு வயிறு பற்றி எரிந்தது. ஆட்டுக் கதை! முப்பத்து நாலு வருஷத்தில் அந்த ஆட்டை ஒரு நாள் எனக்குக் காட்டியிருப்பாரா? அப்படியானால் நான் வாசலில் நிறுத்திவைத்தது வெறும் பாஷையா, பாதி ஆளையேவா? அவரில் ஒரு பாதி பகலெல்லாம் அங்கே சிரித்துப் பேசிவிட்டு, மிச்சப் பாதி சாயங்காலம் என்னிடம் வந்ததா? எனக்குக் கிடைத்த பாதி செத்துப்போய், அவளுக்குக் கிடைத்த பாதி உயிரோடு உட்கார்ந்து வேர்க்கடலை தின்கிறது. நல்லா இருக்கே கதை!

நானும் தெலுங்கில் பேசியிருக்கலாமே என்பீர்கள். டாக்டரும் அதைத்தானே சொன்னார். முடியவில்லை. பேசினால் தோற்ற மாதிரி. நான் பிடிவாதமாகத் தமிழில் கேட்பேன், அவர் தலையாட்டுவார். "சொல்லுங்களேன், இட்லியா தோசையா? இன்னாங்க, ஒரே ஒரு வார்த்தை" என்று விடாமல் கேட்பேன். அவர் நெற்றியில் வியர்க்கும். உதடு என்னவோ போல் கோணும். ஒன்றும் வராது. நான் எழுந்து போய்ப் பாத்திரங்களைத் தடால் தடாலென்று வைப்பேன்.

அடுத்து ஒரு செவ்வாய்க்கிழமை கேட்டிலேயே நின்றுகொண்டேன். ஸ்கூட்டர் வந்தது. "தூங்கறார்மா" என்றேன். வெள்ளிக்கிழமையும் தூங்கினார். அடுத்த செவ்வாயும் தூங்கினார். மூன்று தடவையும் மணி காலை பதினொன்று. மூன்றாம் தடவை அவள் கேட்டைப் பிடித்தபடி என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "சரி அக்கா" என்று சொல்லிவிட்டுப் போனாள். அதன்பிறகு வரவில்லை. அன்றைக்கு நான் ரசம் வைத்து, அப்பளம் பொரித்து, ரொம்ப நாளைக்கப்புறம் வயிறு நிறையச் சாப்பிட்டேன். இதையும் சொல்லித்தான் ஆகவேண்டும்.

அவர் இரண்டு வாரம் ஜன்னல் பக்கம் பார்த்தபடி இருந்தார். ஸ்கூட்டர் சத்தம் கேட்டால் கழுத்தைத் திருப்புவார். பிறகு திருப்புவதையும் விட்டுவிட்டார். தெலுங்கும் நின்றது. தண்ணீருக்குக்கூட டம்ளரைக் காட்டினார். பேச்சுப் பயிற்சி கொடுக்க வருகிற பெண் படங்களைக் காட்டிக் காட்டிப் பார்த்துவிட்டு, அட்டைகளை மூடிவைத்தாள். "என்ன ஆச்சு மேடம்? நல்லா வந்துக்கினு இருந்தாரே. இப்ப பேசறத நிறுத்திட்டா, வந்ததும் போயிடும். அப்புறம் நான் ஒண்ணும் பண்ண முடியாது" என்றாள்.

அன்று மத்தியானம் எதிர் மேஜைக்காரி வீட்டைத் தேடிப் போனேன். ஆட்டோவில் போகும்போதெல்லாம் என்ன பொய் சொல்லலாம் என்று யோசித்தேன். அவள் அதற்கு இடமே வைக்கவில்லை.

"வாங்க அக்கா. எழுந்துட்டாரா?" என்றாள்.

நான் நாற்காலி நுனியில் உட்கார்ந்தேன். பேச்சு நின்றுபோனதைச் சொன்னேன். அவள் முகம் மாறியது, கோபமும் வந்தது. "அக்கா, நீங்க இன்னா நெனச்சிக்கினு இருக்கீங்கன்னு எனக்குத் தெரியும். ஆபீஸ்ல உங்க வீட்டுக்காரர் வாயே தொறக்க மாட்டாரு. நாங்க ஊமை சார்னுதான் சொல்லுவோம். டைம் ஆச்சுன்னா எழுந்து நின்னுடுவாரு. கேட்டா, இண்ட்லோ மாட்லாடாலி, வீட்டுக்குப் போய்ப் பேசணும்பாரு. அந்த ஆட்டுக் கதை எனக்கே புதுசு. இப்ப பேசறாரே, இந்த ஆளு எனக்கும் யாருன்னு தெரியாது."

இத்தனை மாதம் அவளுடைய பாதி என்று நினைத்து எரிந்தேனே, அப்படி ஒரு பாதியே அவளிடம் இருந்ததில்லை. என்னுடையது போய், அவளுடையதும் இல்லாமல், மூன்றாவதாக ஒருவர் என் கூடத்தில் பேச ஆரம்பித்திருந்தார். அவரைத்தான் நான் வாயடைத்து வைத்திருக்கிறேன்.

"வருவியாம்மா?" என்றேன்.

"வர்றேன். ஆனா நான் ஏன் வரலன்னு நீங்களே அவருக்குச் சொல்லணும். என்னைக் கேட்டா நான் பொய் சொல்ல மாட்டேன்."

வீட்டுக்கு வந்து முகம் கழுவினேன். அவர் கட்டிலில் சாய்ந்திருந்தார், வலது கை தலையணைமேல் அவர் வைத்த இடத்திலேயே கிடந்தது. பக்கத்தில் உட்கார்ந்தேன். அந்த வீட்டில் முதல் தடவையாகத் தெலுங்கில் பேசினேன். வகுப்பில் நாற்பது பேருக்கு முன்னால் தண்ணீராக ஓடிய தெலுங்கு, ஒரு ஆளுக்கு முன்னால் திக்கியது. அவள் வந்தாள், நான்தான் கேட்டிலேயே திருப்பி அனுப்பினேன், மூன்று தடவை, என்று சொன்னேன்.

அவர் என்னையே பார்த்தார். உதடு அசைந்தது. "நா மாட... பாகலேதனி அனுகுன்னா" என்றார். தன் பேச்சு நன்றாக இல்லை, அதனால்தான் அவள் வருவதை நிறுத்திவிட்டாள் என்று நினைத்தாராம். வெட்கப்பட்டுத்தான் வாயை மூடியிருக்கிறார். அடிப்பாவி என்று என்னை நானே திட்டிக்கொண்டேன்.

ஏன் அப்படிச் செய்தாய் என்று கேட்டார். பொறாமை என்றேன். அதற்கு எங்கள் பக்கத்துத் தெலுங்கில் குள்ளு என்று ஒரு சொல் உண்டு, அதைச் சொன்னேன். அவர் நம்பவில்லை. இடது கையால் வலது கையின் மணிக்கட்டைப் பிடித்து, கனமாகத் தூக்கி, என் முகத்துக்கு நேரே காட்டினார். விரல்கள் தொங்கின.

"தீனி கோசமா?" என்றார். இதுக்காகவா?

வாழ்நாளெல்லாம் உடம்பு வேறு, ஆள் வேறு என்று பாடம் நடத்தியவள் நான். "அவுனு" என்றேன். "தீனி கோசமே." ஆமாம், இதுக்காகத்தான்.

வாயின் ஒரு பக்கம் சிரித்தது. அந்தக் கையைக் கொண்டுவந்து என் மடியில் போட்டார். தானாக அதைத் திரும்ப எடுத்துக்கொள்ள முடியாத கை. வெள்ளிக்கிழமை எதிர் மேஜைக்காரி வந்து எதிரே உட்கார்ந்தபோதும் அது என் மடியில்தான் இருந்தது. நான் நகர்த்தவில்லை.