இருநூற்றுப் பன்னிரண்டு உறைகள்

மானுடவியல் என்று ஒரு படிப்பு இருப்பதே கல்லூரியில் சேர்ந்த அன்றுதான் அவளுக்குத் தெரியும். கேட்ட பாடத்தில் இடமில்லை. காலியாக இருந்ததைக் கிளார்க் காட்டினார், சேர்ந்துவிட்டாள். அவள் அம்மா அழகு நிலையம் நடத்துகிறவள். "பொண்ணு மனுஷங்களப் பத்திப் படிக்குது. நான் படிக்காமயே தினமும் இருபது பேரப் பாக்குறேன்" என்று வருகிறவர்களிடம் சொல்லிச் சிரிப்பாள். ஆனால் மகளைப் பாடம் பிடித்துக்கொண்டது. முதுகலையில் முதலிடம் வந்து, துறையைத் தொடங்கிய பேராசிரியர் பெயரில் தரும் பதக்கத்தை வாங்கினாள். அவர் இறந்து பல வருஷமாகியிருந்தது. அவருடைய பாடநூலில் அவள் கோடு போடாத பக்கம் கிடையாது.

முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்த வருஷம் அருங்காட்சியகத்தில் தற்காலிக வேலை கிடைத்தது. கிடங்கில் இருப்பதைப் பட்டியலிட வேண்டும். ஊழியர்கள் அவளுக்குப் 'பாதி டாக்டர்' என்று பெயர் வைத்தார்கள். கதவைத் திறந்தாலே பூச்சிமருந்தும் எலி மூத்திரமும் கலந்த நெடி தொண்டையில் ஒட்டிக்கொள்ளும். பழைய தோல் சட்டைகளில் புழு நெளியும். வீட்டுக்கு வந்தால் குளித்துவிட்டுத்தான் யாரிடமும் பேசுவாள்.

மூன்றாம் மாதம் ஒரு தகரப்பெட்டியைத் திறந்தாள். உள்ளே இருநூற்றுப் பன்னிரண்டு காகித உறைகள். முதல் உறையைக் கவிழ்த்ததும் ஒரு கற்றை முடி கையுறைமேல் விழுந்தது. வேரில் ஏதோ உலர்ந்து ஒட்டியிருந்தது. அம்மா கடையில் முடி பெருக்கி வளர்ந்தவளுக்கே குமட்டிக்கொண்டு வந்தது.

உறைமேல் இருந்ததைப் படித்தாள். "பெண், வயது பதினேழு. மில் குடியிருப்பு, வீடு 31. அழுதாள். இருவர் பிடித்துக்கொண்டனர். வேரோடு கிடைத்தது. இன ஆய்வுக்கு நல்ல மாதிரி." அடுத்ததில், "பெண், வயது முப்பது. குழந்தையை வாங்கி வைத்துக்கொண்ட பின் ஒத்துழைத்தாள்."

கீழே, துறையைத் தொடங்கிய அதே பேராசிரியரின் கையொப்பம். குமட்டல் முடியை விட்டு அந்த முத்து முத்தான கையெழுத்தின் மேல் போய் உட்கார்ந்தது.

காப்பாட்சியரிடம் கொண்டுபோனாள். அவர் டீயை ஆற்றிக்கொண்டே பார்த்தார்.

"முடி மாதிரிகள், 212ன்னு ஒரே வரியில போடும்மா."

"சார், அழுதாங்கன்னு அவரே எழுதியிருக்காரு."

"அந்தக் காலத்துல எல்லாரும் அப்படித்தான். உனக்கு அனுபவச் சான்றிதழ் வேணும்ல?"

ஒரே வரியில் போட்டாள். கையெழுத்தும் போட்டாள்.

அன்று இரவு சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்தாள். அம்மா துருவித் துருவிக் கேட்டதும் சொன்னாள்.

"முப்பது வருஷமா முடி வெட்டுறேன்," என்றாள் அம்மா. "கேக்காம ஒருத்தி தலையில கை வெச்சதில்ல. நீ அத ஒரு வரியில முடிச்சிட்டு வந்திருக்க."

அவளுக்குத் தன் கையைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

மறுநாள் பட்டியலைத் திரும்ப எடுத்து, உறைகளில் இருந்ததை எழுத்து மாறாமல் ஏற்றினாள். நான்கு நாள் ஆயிற்று. மாதக் கடைசியில் வேலை போனது, சான்றிதழும் தரவில்லை. ஆய்வுத் தலைப்பை அந்த உறைகளுக்கு மாற்றப்போவதாகச் சொன்னதும் வழிகாட்டி, "மொதல்ல பட்டத்த வாங்கு, அப்புறம் சண்ட போடு" என்று கைகழுவினார். எட்டு மாதம் அலைந்து வேறொருவரைப் பிடித்தாள்.

உறைகளில் பெயர் இல்லை. வீட்டு எண்களை மில்லின் பழைய பதிவேட்டோடு ஒப்பிட்டு, இரண்டு வருஷத்தில் நான்கு குடும்பங்களைக் கண்டுபிடித்தாள். 31ஆம் வீட்டுப் பெண் இறந்துபோயிருந்தாள். அவள் மகள் தையல் கடை வைத்திருந்தாள். உறையின் புகைப்படத்தைப் பார்த்ததும் மிஷினை நிறுத்தினாள்.

"எங்கம்மா தலையில யாரையும் கை வெக்க விடாது. சீவி விடப் போனாக்கூடத் தட்டி விடும்." புகைப்படத்தைத் திருப்பிக் கொடுத்தாள். "இத வெச்சு நீயும் டாக்டர் ஆகப்போற, இல்ல?"

"ஆமாக்கா." பொய் சொல்ல வாய் வரவில்லை.

தையல்காரம்மா முகத்தைச் சுளித்தாள். ஆய்வில் எழுதச் சம்மதம் கேட்டு நீட்டிய படிவத்தைத் தொடவில்லை. "அந்த முடியக் கொண்டு வா. அப்புறம் பேசலாம்."

முடியைத் திருப்பித் தரச் சொல்லி அருங்காட்சியகத்துக்கு இதுவரை மூன்று மனு கொடுத்திருக்கிறாள். மூன்றுக்கும் ஒரே பதில்: பரிசீலனையில் உள்ளது. 31ஆம் வீட்டுப் பெண்ணைப் பற்றிய அத்தியாயத்தை அவள் இன்னும் எழுதவில்லை.