கரண்ட் போன நாளில் வான்கோழி

என் கணவர் இறந்து எழுபது நாள் ஆகியிருந்தது. ஸ்கூட்டரில் ஆபீஸுக்குப் போனவர் லாரி மோதி அங்கேயே போய்விட்டார். தொண்ணூறுகளின் கடைசி அது. வேங்கிக்காலில் எங்கள் வீட்டில் நானும் பத்து வயது மகளும் இருந்தோம். நானும் ஓர் ஆபீஸில்தான் வேலை பார்த்தேன். மாடியில் ஓர் ஆங்கிலேய அம்மாள் குடியிருந்தார். முன்பு செங்கம் ரோட்டில் ஓர் அறையில் இருந்தவர். அங்கே கறி சமைக்கக் கூடாது என்பதால் இந்தப் பக்கம் வந்திருந்தார்.

கிறிஸ்துமஸுக்கு முதல் நாள் காலை, கீழ்பென்னாத்தூரிலிருந்து ஒருவர் கால் கட்டிய வான்கோழியோடு வாசலில் நின்றார்.

“சார் முன்னாடியே சொல்லியிருந்தாருங்க, மாடியில இருக்கற அம்மாவுக்கு வேணும்னு.”

“ஆமாங்க.”

“சார் இல்லீங்களா?”

“இல்லீங்க.”

கணவர் வெளியே போயிருப்பதாக அவர் எடுத்துக்கொண்டார். நான் திருத்தவில்லை. சொன்னால் அவர் வருத்தப்படுவார். அதற்கு நான் ஏதாவது பதில் சொல்ல வேண்டும். கொல்லையில் அவரே அறுத்து, வெந்நீரில் முக்கி இறகைப் பிடுங்கி, சுத்தம் செய்து கொடுத்துவிட்டுப் போனார்.

மாடி அம்மாள் அதற்கு உப்புத் தடவி, மூடி, ஃப்ரிட்ஜின் அடித்தட்டில் வைத்தார். மேலே வைத்தால் நீர் சொட்டி மற்றதைக் கெடுக்குமாம். மறுநாள் வெளியே எடுத்ததும் நான் பழக்கத்தில் குழாயைத் திறந்தேன்.

“கழுவ வேணாம். தண்ணி தெறிக்கும், கிருமி எல்லா இடமும் போகும். சூடுதான் கொல்லணும்,” என்றார். எட்டு வருஷமாக இங்கே இருந்து பழகிய தமிழ். ஈரத்தைத் துணியால் ஒற்றி எடுத்தோம். அந்தத் துணியைத் தனியாகக் கொதிக்க வைக்கச் சொன்னார். வெண்ணெயையும் மிளகையும் தோலுக்கடியில் விரலால் தள்ளச் சொன்னார். தள்ளினேன். வெங்காயமும் ரொட்டித்தூளும் சேர்த்த கலவையை வயிற்றில் அடைக்காமல் தனித் தட்டில் வைத்தார். உள்ளே அடைத்தால் நடுவில் வேகாதாம். கேட்டுக்கொண்டேன். யாரோ வேறு யாருக்கோ சொல்வது போல இருந்தது.

பத்து மணிக்கு அவருடைய ஓவனில் வைத்தோம். பதினொன்றேகாலுக்குக் கரண்ட் போனது. டிரான்ஸ்ஃபார்மர் கெட்டுவிட்டது, சாயங்காலம்தான் வரும் என்றார் பக்கத்து வீட்டுக்காரர்.

“பாதி வெந்ததை அப்படியே வைக்கக் கூடாது. விஷம் ஆயிடும்,” என்றார் அந்த அம்மாள். சுவிட்சை மறுபடி மறுபடி போட்டுப் பார்த்தார். எனக்குப் பதற்றம் எதுவும் இல்லை. வான்கோழி இருந்த தட்டைத் துணியில் சுற்றி, ஆட்டோவைக் கூப்பிட்டு, மூன்று தெரு தள்ளியிருந்த பேக்கரிக்குப் போனோம். அங்கே விறகு அடுப்பு.

பேக்கரிக்காரர் தலையாட்டினார். “இதுல பன்னு சுடறேன்மா. கறி வாசனை ஏறிடும். வேற எங்கனா பாருங்க.”

நான் நகரவில்லை. கெஞ்சவும் இல்லை. கையில் தட்டோடு நின்றேன். அவர் என் முகத்தைப் பார்த்தார்.

“நீங்க அந்த சார் வீட்டம்மாதானே? கேள்விப்பட்டேன். தெனமும் இங்கதான் டீ குடிப்பாரு.” பிறகு மெதுவாக, “குடுங்க. இன்னிக்குப் பன்னு முடிஞ்சிடுச்சு,” என்றார்.

“எவ்ளோ நேரம் ஆகும்?” என்று கேட்டேன். என் வாயில் வந்தது அதுதான்.

ஒன்றரை மணி நேரம் கழித்து அந்த அம்மாள் தொடையின் தடித்த இடத்தில், எலும்பில் படாமல், வெப்பமானியைக் குத்தினார். அறுபத்தெட்டு டிகிரி. “பத்தாது. எழுபத்தஞ்சு வரணும்.” மறுபடி உள்ளே போனது. இரண்டாம் முறை எழுபத்தாறு. குத்திய இடத்தில் சிவப்பில்லாமல் தெளிவான சாறு வந்தது. தோல் கருஞ்சிவப்பாக, மொறுமொறுவென்று இருந்தது. பேக்கரிக்காரருக்கு ஒரு பகுதியை அங்கேயே வெட்டிக் கொடுத்தோம்.

வீட்டில் அரை மணி நேரம் ஆறவிட்டு, பச்சைக் கறி படாத கத்தி, பலகை வைத்து அந்த அம்மாள் வெட்டினார். மகள் தொடைக்கறியைச் சாப்பிட்டுவிட்டு, “அப்பாவுக்கு இது புடிச்சிருக்கும்ல?” என்றாள்.

“புடிச்சிருக்கும்,” என்றேன். அந்த அம்மாள் எழுந்து போய்த் தண்ணீர் கொண்டு வந்தார்.

கை கழுவும்போதுதான் என் தட்டு காலியாக இருந்ததைப் பார்த்தேன். இந்த எழுபது நாளில் அது நடந்ததில்லை. ருசி எப்படி இருந்தது என்று கேட்டிருந்தால் சொல்லத் தெரிந்திருக்காது.

மாலையில் கரண்ட் வந்தது. அதற்கு முன்பே மீதிக் கறியை எலும்பிலிருந்து பிரித்து, பேக்கரிக்காரர் கொடுத்த ஐஸ் கட்டிகளுக்கு நடுவே வைத்திருந்தோம். மறுநாள் அதை நன்றாகக் கொதிக்கவிட்டுக் குழம்பு வைத்தேன். டிபன் பாக்ஸில் போட்டுக்கொண்டு ஆபீஸுக்குப் போனேன்.