பூத்தோட்டத்து விளக்கும் பிரேமலா பூட்டிய கம்ப்யூட்டரும்

பிரேமலா இதுவரை மல்லுக்கட்டி வென்றது என்னென்ன என்று அவளுடைய அண்ணன் லோகேஸ்வரனைக் கேட்டால் வரிசை மாறாமல் சொல்வான். வீட்டில் கம்ப்யூட்டர் என்ற பொருளே இல்லாமல் ஐந்தாம் படிவப் பள்ளித் தேர்வில் கணினிப் பாடத்தில் ஏ எடுத்தாள். கியா பார்மில் ஸ்ட்ராபெரி விற்கும் கடையில் அம்மா பேசி முடித்து வைத்திருந்த வேலையை, இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே இருந்து வேண்டாமென்று ஆக்கினாள். பையன்களைத் தவிர யாரையும் சேர்க்காத கைத்தொலைபேசிக் கடையில், கம்போங் ராஜாவில், வேலை வாங்கினாள். தானா ராத்தாவில் நடந்த பழுதுபார்க்கும் போட்டியில் இரண்டாம் பரிசு வாங்கினாள். முதல் பரிசு வாங்கியவனுக்குச் சொந்தத்தில் கடை இருந்தது என்பதையும் லோகேஸ் மறக்காமல் சேர்த்துச் சொல்வான்.

கிடைக்காமல் இருந்தது ஒரே ஒரு மேசைதான்.

கடையின் பின் மூலையில் அது கிடந்தது. மேலே தொலைபேசி உறைகள் மலைபோலக் குவிந்திருக்கும். அந்த மேசையில் உட்கார்ந்து கேமிங் கம்ப்யூட்டர்களைப் பாகம் பாகமாகத் தேர்ந்தெடுத்துப் பூட்டி விற்க வேண்டும் என்பது பிரேமலாவின் ஆசை. கடைக்காரர் சிவனேஸ்வரன் ஓராண்டாகப் பிடிகொடுக்கவில்லை. கடைசியில் அவள் நச்சரிப்பு தாங்காமல் ஒரு நாள் சொல்லிவிட்டார்.

“ஒண்ணே ஒண்ணு பூட்டு. வாங்கறவன் வீட்டுல நின்னு ஓடுச்சுன்னா அந்த மேச ஒனக்கு. திரும்பி வந்துச்சுன்னா கவர் வித்துக்கிட்டே இரு. அப்புறம் கம்ப்யூட்டர் பேச்சே எடுக்கக் கூடாது.”

“சரி பாஸ்,” என்றாள் பிரேமலா. அன்று வீட்டுக்கு வந்து அண்ணனிடம் அதை இரண்டு முறை சொன்னாள்.

அந்த ஒன்றை வாங்க வந்தவன் தர்மா. கோலா தெர்லாவில் அம்மாவோடு செவ்வந்தித் தோட்டம் வைத்திருப்பவன். பகலெல்லாம் பூ வெட்டி லோரி ஏற்றிவிட்டு, மாலையில் நான்கு நண்பர்களோடு குழுவாகச் சேர்ந்து இணையத்தில் விளையாடுவான். அவனிடம் இருந்த பழைய கம்ப்யூட்டர் விளையாட்டின் நடுவில் திடீரென்று அணைந்து அணைந்து எழும்பியது. வருகிற சனிக்கிழமை இரவு எட்டு மணிக்குத் தேர்வு ஆட்டம். அதிலும் நின்றால் வேறு ஆளைச் சேர்த்துக்கொள்வோம் என்று குழுவில் சொல்லிவிட்டார்கள்.

அன்று ஞாயிற்றுக்கிழமை. தேயிலைத் தோட்டத்தில் வேலை இல்லாததால் லோகேஸும் கடையில் இருந்தான். தர்மா தன் தொலைபேசியை நீட்டி, ஈப்போவில் யாரோ விற்கும் பழைய கிராபிக்ஸ் கார்டு ஒன்றைக் காட்டினான். மூன்று விசிறி, செங்கல் கனம்.

“இத மட்டும் போட்டுருங்க. மத்ததெல்லாம் மலிவா பாத்துக்கலாம். மொத்தம் மூவாயிரத்து இருநூறு வெள்ளி. அதுக்கு மேல ஒரு காசு கெடையாது. கேசிங் கலர் கலரா எரியணும்லா.”

பிரேமலா கார்டைப் பார்க்கவே இல்லை.

“பழசு எத்தன மணிக்கு நிக்குது?”

“விளையாடறப்ப.”

“அது தெரியும். மணி?”

தர்மா யோசித்தான். “ஏழு, ஏழு பத்து இருக்கும். அப்புறம் ஓடும்.”

“தோட்டத்துல பூ லைட் எப்ப போடுவீங்க?”

தர்மாவின் வாய் பாதி திறந்தபடி நின்றது.

செவ்வந்திக்கு இருட்டு நீண்டால் தண்டு வளர்வதற்குள் மொட்டு வைத்துவிடும். அதனால் பூ வளர்க்கும் பிளாஸ்டிக் கூடாரம் முழுக்க குண்டு பல்புகளைக் கட்டி இருட்டியதும் எரிய விடுவார்கள். தேயிலை மேட்டிலிருந்து பார்த்தால் பள்ளத்தாக்கே பற்றி எரிவதுபோல இருக்கும். அத்தனை பல்பும் ஒன்றாக மின்சாரத்தை இழுக்கும்போது வீட்டு விளக்கு கண் சிமிட்டும். மனிதர்களுக்கு அது சிமிட்டல்தான். கம்ப்யூட்டருக்கு அந்த ஒரு நொடியே போதும்.

“கார்டுல கோளாறு இல்லண்ணே. கரெண்ட்ல,” என்றாள் பிரேமலா. “நல்ல பவர் சப்ளை ஒண்ணு போடணும். கரெண்ட் தடுமாறினா தாங்கிப் பிடிக்க யூபிஎஸ் பேட்டரிப் பெட்டியும் வேணும். உங்க காசுக்கு வர்ற பெட்டி முந்நூத்தி அறுபது வாட்தான் தாங்கும். நீங்க காட்டற கார்டு ஒண்ணே முந்நூறு குடிச்சிரும். பெரிய பெட்டி வாங்கினா கார்டு வாங்கக் காசு இருக்காது.”

“அப்ப?”

“கம்மியா குடிக்கற கார்டு. நூத்தி முப்பது வாட்ல ஒண்ணு இருக்கு, புதுசு. உங்க கேமுக்கு அது போதும். பிராசசரும் சின்னத் தீனிக்காரன்தான். ராம் ரெண்டு துண்டு. உங்க பழைய மானிட்டரையும் எஸ்எஸ்டியையும் வச்சிக்கலாம், அதுல மிச்சம். கேசிங் சும்மா கறுப்பு, லைட்டெல்லாம் கெடையாது.”

“எனக்கு நோஞ்சான் கார்டு, எங்கம்மா பூவுக்குப் பேட்டரி. நல்லா இருக்கு!” தர்மா சிரித்தான். சிரிப்பில் காரம் இருந்தது. “கூட விளையாடறவனுங்க கேட்டா என்ன சொல்ல? பூச்செடிக்காக கார்ட கொறச்சேன்னா?”

“நின்னு போற பெரிய கார்ட வச்சு என்னண்ணே பண்ணுவீங்க?”

சிவனேஸ்வரன் கல்லாவிலிருந்து எட்டிப் பார்த்தார். தர்மா மூக்கைச் சொறிந்துகொண்டான்.

“சரி. ஆனா சனிக்கிழம ஏழு மணிக்கு நீங்களே வீட்டுக்கு வாங்க. அம்மா லைட் போடுவாங்க. நின்னுச்சுன்னா அங்கயே தூக்கிட்டுப் போயிடுங்க. காசு திரும்பக் கொடுத்துருங்க.”

அந்த வாரத்தில் பிரேமலா கேட்ட பாகங்கள் வந்தன. ஒவ்வொன்றாகப் பூட்டினாள். அவளை அரித்தது வேறு. சில பவர் சப்ளைகளுக்குச் சில பேட்டரிப் பெட்டிகளின் மின்சாரம் ஒத்துக்கொள்ளாது. பெட்டி தாங்கிப் பிடிக்கும் நேரத்தில் பவர் சப்ளை முரண்டு பிடித்து அணைந்துவிடும். இரண்டையும் ஒன்றாக வைத்துப் பார்த்தால்தான் தெரியும். கடையில் சுவரிலிருந்து பிளக்கைப் பிடுங்கிப் பார்த்தாள். ஓடியது. திரும்பத் திரும்பப் பிடுங்கினாள். ஓடியது.

“அப்புறம் என்னா?” என்றான் லோகேஸ்.

“கரெண்ட் ஒரேயடியா போறது வேறண்ணே, தடுமாறுறது வேற. இங்க எப்படித் தடுமாற வைக்கிறது?”

லோகேஸ் படித்தது மூன்றாம் படிவம்வரைதான். கொழுந்து வெட்டும் இயந்திரம் பிடிக்கிறவன். ஆனால் ஒன்றைக் கட்டினால் அவிழாமல் கட்டத் தெரியும். சனிக்கிழமை மாலை கம்ப்யூட்டரைக் கம்பளியில் சுற்றி, கொழுந்துச் சாக்கில் இறக்கி, மேலே பிளாஸ்டிக் விரிப்பு போட்டு, தங்கைக்கும் தனக்கும் நடுவில் மோட்டர் சைக்கிளில் வைத்துக் கட்டினான். ஒவ்வொரு முடிச்சையும் மறுபடி இழுத்துப் பார்த்தான். தூறல் விழுந்தது. காய்கறி லோரிகள் சேற்றை வாரியடித்துக்கொண்டு கடந்தன. ஒவ்வொரு குழிக்கும் பிரேமலா பெட்டியைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள்.

தர்மாவின் அம்மா வேலம்மா வாசலிலேயே நின்றிருந்தார்.

“வாங்க தம்பி, வாம்மா. நனஞ்சிட்டீங்களே! சாப்டுட்டுத்தான் போணும். கருவாட்டுக் குழம்பு வச்சிருக்கேன்.”

“மொதல்ல வேல முடியட்டும் ஆண்ட்டி,” என்றாள் பிரேமலா.

பேட்டரிப் பெட்டியில் நான்கு துளைகள். கம்ப்யூட்டர், மானிட்டர், இணையப் பெட்டி என்று மூன்றில் மட்டும் சொருகினாள். திரை எரிந்தது. வேலம்மா அருகில் வந்து பார்த்தார்.

“இது என்னம்மா, இஸ்திரிப் பெட்டியாட்டம்?”

“கரெண்ட் தடுமாறினாலும் இதுல சொருகினது நிக்காது ஆண்ட்டி.”

“அப்படியா!” என்று வேலம்மா கன்னத்தில் கை வைத்துக்கொண்டார்.

தர்மா காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஆட்டத்தைத் திறந்தான். படம் வழுக்கிக்கொண்டு ஓடியது. அவன் புருவம் ஏறியது. நோஞ்சான் என்று இப்போது சொல்லவில்லை.

பூ விளக்கின் சுவிட்சுகளைப் பார்த்துவிட்டு வருவதாகச் சொல்லி பிரேமலா அண்ணனோடு கூடாரத்துக்குப் போனாள். பலகையில் மூன்று பெரிய சுவிட்சுகள். ஒவ்வொன்றும் ஒரு கூடாரத்துக்கு. பல்புகளின் வாட்டை அவள் மனதுக்குள் பெருக்கிப் பார்த்தாள். லோகேஸ் அவள் முகத்தைப் பார்த்தான். பார்த்திருக்க வேண்டாம் என்று தோன்றியது. திரும்பி வரும்போது டிட் டிட்டென்று எங்கோ ஒரு சத்தம் விட்டுவிட்டுக் கேட்டது. சாலையில் லோரி ஏதோ பின்னால் எடுக்கிறது என்று இருவரும் நினைத்தார்கள்.

வேலம்மா சமையலறையிலிருந்து முந்தானையில் கையைத் துடைத்தபடி ஓடி வந்தார். “போடட்டுமா?”

“போடுங்க ஆண்ட்டி.”

வேலம்மா கூடாரத்துக்குப் போனார்; வீட்டு ஜன்னலிலிருந்து அது தெரிந்தது. முதல் சுவிட்ச். ஒரு கூடாரம் மஞ்சளாகப் பூத்தது. கூடத்து விளக்கு மங்கி எழுந்தது. திரை ஓடியது. லோகேஸ் பெருமூச்சு விட்டான். இரண்டாவது. விளக்கு இன்னும் மங்கியது. மேசைக்கு அடியில் பெட்டி ‘டக்’ என்றது.

திரை கறுத்தது.

விசிறிச் சத்தமும் நின்றது. தூரத்தில் மூன்றாவது கூடாரமும் எரிய, அதன் வெளிச்சம் ஜன்னல் வழியாக வந்து செத்துப்போன திரையில் விழுந்தது.

தர்மா ஹெட்போனைக் கழற்றி மெதுவாக மேசையில் வைத்தான். “ஆச்சா?”

நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தான்.

“பெரிய கார்டு வேணான்னீங்க. கேட்டேன். லைட் வேணான்னீங்க. கேட்டேன். எட்டு மணிக்கு ஆட்டம்.” அவன் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை என்றிருந்தது லோகேஸுக்கு. தர்மா தொலைபேசியை எடுத்தான். “சிவனேஸ்வரண்ணன்கிட்ட நானே சொல்லிடறேன்.”

லோகேஸ் தங்கையைப் பார்த்தான். அழுதுவிடுவாள் என்று நினைத்தான். ஆனால் அவள் சட்டென்று தரையில் மண்டியிட்டு மேசைக்கு அடியில் தலையை விட்டாள்.

“நாலு சொருகியிருக்கு,” என்றாள் உள்ளேயிருந்து. “நான் மூணுதான சொருகினேன்?”

நான்காவது வெள்ளை நிற எக்ஸ்டென்ஷன் வயர். அவள் அதைக் கையால் தடவிக்கொண்டே போனாள். சுவரோரம், கதவுக்கு அடியில், சமையலறைக்குள். லோகேஸும் பின்னால் போனான். அடுப்புத் திண்டில் மின்சாரச் சோற்றுச் சட்டி உட்கார்ந்திருந்தது. மூடி ஓரத்தில் கடைசி ஆவி கசிந்தது.

வேலம்மா கூடாரத்திலிருந்து வந்து சேர்ந்தார். “என்னம்மா, சோத்தையும் சேத்து நிறுத்திட்டீங்களா?”

“ஆண்ட்டி, இத எப்ப சொருகினீங்க?”

“நீங்க லைட்ட பாக்கப் போனீங்கள்ல, அப்பத்தான். இவன் காதுல மாட்டிக்கிட்டு திரும்பிக்கூடப் பாக்கல. தெனமும் பூ லைட் போட்டா இந்தச் சட்டி பாதில நின்னுரும்மா. கவனிக்கலன்னா அரிசி அரிசியா கெடக்கும். நீதான அதுல சொருகினா நிக்காதுன்ன? வீட்டுக்கு வந்த பிள்ளைங்களுக்கு வேகாத சோத்த எப்படிப் போடறது?”

லோகேஸுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. லோரி என்று நினைத்த சத்தம் பாரம் தாங்காமல் கத்திய பெட்டி என்பது அப்போதுதான் புரிந்தது.

“இந்தச் சட்டி மட்டும் எழுநூறு வாட் ஆண்ட்டி. பெட்டி பாவம், என்ன பண்ணும்?” பிரேமலா வயரைப் பிடுங்கினாள். தர்மா வாசலில் தொலைபேசியோடு நின்றான். மறுமுனையில் சிவனேஸ்வரன் எடுத்துவிட்டிருந்தார். “என்னா தர்மா? என்னா ஆச்சு?”

“இருங்கண்ணே,” என்றான் தர்மா. “கட் பண்ணிடாதீங்க.”

கம்ப்யூட்டர் மறுபடி எழும்பியது. வேலம்மா விளக்குகளை அணைக்கப் போனார். இப்போது தப்புச் சொல்லச் சோற்றுச் சட்டி இல்லை. மறுபடி நின்றால் அது பிரேமலா பாகங்களைத் தேர்ந்தெடுத்ததில் வந்த தவறுதான், வேறொன்றுமில்லை. அவளுக்கும் அது தெரிந்திருந்தது. பவர் சப்ளையும் பெட்டியும் ஒத்துப்போகாவிட்டால் இந்த இடத்தில்தான் அது வெளிச்சத்துக்கு வரும். அவள் அண்ணனின் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“போடுங்க!” என்று லோகேஸ் ஜன்னல் வழியாகக் குரல் கொடுத்தான்.

ஒன்று. விளக்கு மங்கியது. திரை ஓடியது.

இரண்டு. பெட்டி ‘டக்’ என்றது. திரையில் தர்மாவின் ஆள் ஒரு மதில் மீது ஏறிக்கொண்டிருந்தான். ஏறிக்கொண்டேயிருந்தான்.

மூன்று. கூடத்து விளக்கு சிவந்து, தடுமாறி, அணையப்போவதுபோல இழுத்தது. பெட்டி டக், டக்கென்று அடுத்தடுத்துச் சொன்னது. பிரேமலாவின் விரல்கள் லோகேஸின் கைச்சதையையும் சேர்த்துப் பிடித்தன. விளக்கு வெளுத்து நிமிர்ந்தது.

திரையில் அந்த ஆள் மதிலைத் தாண்டிக் குதித்து அந்தப்பக்கம் ஓடினான்.

“அணச்சுட்டு மறுபடி போடுங்கம்மா!” என்று தர்மா கத்தினான். வேலம்மா மறுபடி போட்டார். ஓடியது. “இன்னொரு தடவ!” என்றான். “ஏன்டா, பல்ப ஒன் காசுலயா வாங்கினேன்?” என்று கூடாரத்திலிருந்து பதில் வந்தது. தர்மா வாய்விட்டுச் சிரித்தான். இந்தச் சிரிப்பில் காரம் இல்லை.

“ஓடுதாலா?” என்று தொலைபேசிக்குள் சிவனேஸ்வரன் கேட்டுக்கொண்டிருந்தார்.

“ஓடுதுண்ணே. நான் வச்சிக்கறேன்.”

“அந்தப் பிள்ளகிட்ட சொல்லு. மேச மேல கெடக்கற கவரெல்லாம் திங்கக்கிழம அவளே எடுத்து அடுக்கட்டும். நான் தொட மாட்டேன்” என்றார் சிவனேஸ்வரன்.

பிரேமலா மேசைக்கு அடியில் குனிந்து மூன்று பிளக்கையும் மறுபடி அழுத்திப் பார்த்தாள்.

சோறு எரிவாயு அடுப்பில் வெந்தது. ஆட்டத்துக்கு இன்னும் நேரம் இருந்தது. சாப்பிட உட்காரும் முன் தர்மா உத்தரவாத அட்டையைக் கொண்டு வந்தான். கடையில் கொடுத்தது. ஓராண்டுக்கு என்று அச்சடித்து, கடை முத்திரையும் குத்தியிருந்தது. கையெழுத்துக்கான கோடு காலியாக இருந்தது.

“நாளைக்கு ஏதாச்சும் ஆனா யாரக் கூப்பிடறது?”

“என்னத்தான்,” என்றாள் பிரேமலா.

“அப்ப நீங்களே போடுங்க. முத்திரைகிட்ட எல்லாம் என்னால பேச முடியாது.”

அதுவரை அவள் கைபட்ட வேலைக்கெல்லாம் கடைக்காரர்தான் கையெழுத்துப் போட்டுவந்தார். அவள் பேனாவை வாங்கினாள். முதலில் காற்றில் ஒரு முறை எழுதிப் பார்த்தாள். பிறகு கோட்டின் மேல், தமிழில், முழுப் பெயரையும் எழுதினாள். தேதி போடாவிட்டால் கையெழுத்து செல்லாது என்று லோகேஸ் சொன்னான். அதையும் அவளே போட்டாள்: 17 ஆகஸ்டு 2024, சனிக்கிழமை.