தம்பியின் சைக்கிளுக்குக் கியர்

2025 ஜனவரி 11, இரண்டாம் சனிக்கிழமை. வங்கிக்கு விடுமுறை. எழுந்ததும் பால் பாக்கெட்டை எடுத்து வைத்தேன். காபி, சவரம், குளியல், பேப்பர். வெளியே பனிமூட்டம் விலகவில்லை. பாலிகஞ்ச் ஃபிளாட்டின் நடையில், சுவரில் சாய்ந்து தம்பியின் சைக்கிள் நின்றது.

தம்பி இறந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. கல்யாணம் செய்துகொள்ளாமல் எங்களோடு இருந்தவன். மாரடைப்பு. அவனுடைய வண்டிக்கு ஒரே கியர். அதிலும் பெடலைப் பின்சக்கரத்தோடு பூட்டிய வகை. சக்கரம் சுற்றும்வரை பெடலும் சுற்றும். ஓட்டுகிறவன் காலைச் சும்மா வைத்துக்கொள்ள முடியாது. நிறுத்த வேண்டுமானால் சுற்றும் பெடலை எதிர்த்துக் காலால் அழுத்த வேண்டும். முன்சக்கரத்தில் மட்டும் பெயருக்கு ஒரு கை பிரேக்.

அவன் போன பிறகு நான் அதை ஓட்டத் தொடங்கினேன். இறக்கத்தில் நான் மிதிப்பதே இல்லை. பெடல்தான் என் காலைத் தூக்கித் தூக்கி இறக்கும். வேறு யாரோ மிதிக்க, என் கால்கள் கூடப் போவதுபோல இருக்கும். அந்த வேகமும் என்னுடையதல்ல, அவசரக்காரனான அவனுடையது. இதை யாரிடமும் சொல்லவில்லை. மார்க்கெட்டுக்குச் சுற்றுவழியில் போக ஆரம்பித்தேன், அவ்வளவுதான்.

மனைவிக்கு அந்த வண்டியே ஆகாது. "நீங்க தள்ளிண்டு வரச்சே பெடல் தானா சுத்தறது. யாரோ மேலே உக்காண்டு வராப்பல இருக்கு."

"அதோட அமைப்பே அப்படித்தான்."

"அமைப்போ என்னவோ. உங்க முழங்கால் என்ன சொல்றது?"

முழங்கால் வீங்கியிருந்தது. கியர் போடுங்கள், இல்லையென்றால் வண்டியை விற்றுவிடுங்கள் என்றிருந்தார் டாக்டர். விற்க மனமில்லை. கியர் போட்டால் என்னோடு மிதிக்கும் அந்தக் கால்கள் போய்விடும் என்றும் தெரிந்திருந்தது. தள்ளிப்போட்டுத் தள்ளிப்போட்டு, அன்றுதான் காளிகாட்டில் ஒரு சந்துக் கடைக்குக் கொண்டுபோனேன்.

கடைக்காரர் பின்சக்கரத்தைத் தூக்கிச் சுற்றிவிட்டுப் பார்த்தார். அண்ணன் முறை வைத்துத் 'தாதா' என்று வங்காள மொழியில் கேட்டார்: "இதை நீங்களா ஓட்டறீங்க, தாதா? காலேஜ் பசங்களே இதுல பல்லை உடைச்சுக்கறாங்க."

"தம்பியோடது."

"அவரை ஒரு நாள் கூட்டிட்டு வாங்க. யாருன்னு பார்க்கணும்."

வீங்கிய முழங்காலைக் காட்டி, கியர் போட வேண்டும் என்றேன்.

பழைய பின்சக்கரத்தைக் கழற்றினார். வரிசையாகப் பல்சக்கரங்கள் கொண்ட புதியது அகலமாக இருந்ததால், ஃபிரேமின் பின்பக்கத்தை இழுத்து விரித்து உள்ளே நுழைத்தார். ஹேண்டிலில் கியர் மாற்றும் விசையைப் பொருத்தினார். பிறகு சக்கரத்தைச் சுற்றிக் காட்டினார். சக்கரம் டிக்டிக்கென்று ஓடியது; பெடல் அசையவில்லை.

"இனிமே கால் பிரேக் கிடையாது, தாதா. கை பிரேக்தான். பழக்கதோஷத்துல மறந்துடாதீங்க."

கியரைச் சோதித்துப் பார்க்க, திரும்பும் வழியில் ஸ்டேஷன் பக்கத்து மேம்பாலத்தில் ஏறினேன். முழங்காலுக்கு வலியே தெரியவில்லை. மறுபக்கம் இறங்கும்போது, இறக்கத்தின் அடியில் எனக்கு முன்னால் போன பஸ் திடீரென்று நின்றது. நான் மறந்துவிட்டேன். ஒரு வருடப் பழக்கத்தில் காலைப் பின்னுக்கு அழுத்தினேன்.

பெடல் வெறுமனே பின்னால் சுழன்றிருக்க வேண்டும். சுழலவில்லை. பழையபடி உள்ளங்காலை எதிர்த்து நின்றது. வேகம் குறைந்து, பஸ்ஸின் முதுகுக்கு ஒரு கை தூரத்தில் வண்டி நின்றது. பிரேக்கை நான் தொடவே இல்லை.

கண்டக்டர் எட்டிப் பார்த்து, சித்தப்பா முறை வைத்துக் கூப்பிட்டார். "ஏறணும்னா வாசல் வழியா ஏறுங்க, காக்கு."

வீட்டுக்கு வந்து சக்கரத்தைத் தூக்கிச் சுற்றிப் பார்த்தேன். பெடல் அசையவில்லை. பெடலைக் கையால் பின்னுக்குத் தள்ளினேன், தாராளமாகச் சுழன்றது. எங்கும் சிக்கவில்லை. மனைவி வந்து பார்த்தாள். "அப்பாடா, இப்போதான் வண்டி மாதிரி இருக்கு" என்றாள். பாலத்தடியில் நடந்ததை அவளிடம் சொல்லவில்லை.

மறுநாள் முதல் வேலையாக, காபிக்குக்கூட நிற்காமல், அதே மேம்பாலத்துக்குப் போனேன். சாலை காலியாக இருந்தது. இறக்கத்தில் பிரேக்கிலிருந்து விரல்களை எடுத்துவிட்டுக் காலைப் பின்னுக்கு அழுத்தினேன். பெடல் எந்தத் தடையும் இல்லாமல் பின்னால் சுழன்றது. சமதரையில் வண்டி தானாக ஓய்ந்து நிற்கும்வரை காத்திருந்தேன். பிறகு அதைத் திருப்பி, மறுபடியும் மேலே ஏறினேன்.