சித்தி திரும்பிக்கொண்ட பெனால்டி

என் சித்தி ஒரு காலத்தில் பல்கலைக்கழக அணியின் கோல்கீப்பர். முழங்கால் ஒத்துழைக்காமல் போனதும் தஞ்சாவூரில் ஒரு பெண்கள் கல்லூரிக்குக் கால்பந்துப் பயிற்சியாளராகப் போய்விட்டாள். நான் நான்காம் வகுப்பு படித்த வருஷம் கல்லூரி நிர்வாகம் ஒரே வரியில் சொல்லிவிட்டது: இந்த முறையும் கோப்பை வரவில்லையென்றால் அணியைக் கலைத்துவிடலாம். அதுவும் போதாதென்று, இறுதிப் போட்டிக்கு ஒரு வாரம் இருக்கும்போது மைதானத்தில் ஏதோ விழாவுக்குப் பந்தல் போட்டார்கள்.

சித்தி அசரவில்லை. பதினைந்து பெண்களையும் பஸ்ஸில் ஏற்றி, குடவாசல் பக்கம் இருக்கும் எங்கள் மாமாவின் வயலுக்குக் கூட்டிவந்துவிட்டாள். சம்பா நடவுக்குச் சேறடித்துக் கிடந்த வயல்.

"இது நடவு வயலு புள்ள, ஒன் மைதானமில்ல" என்றார் மாமா.

"தழை மிதிக்க ஆளு கெடைக்கலன்னு நேத்துதானண்ணே பொலம்புனீங்க? முப்பது காலு கொண்டாந்திருக்கேன்."

மாமா தழைக்கட்டுகளை அவிழ்க்கப் போனார். வேப்பந்தழையும் பூவரசந்தழையும் வயல் முழுக்கப் பரப்பியாயிற்று. அதன்மேல் பெண்கள் கால் புதையப் புதைய ஓடினார்கள், உதைத்தார்கள், குப்புற விழுந்தார்கள். எருவாக வேண்டிய தழை உள்ளே போய்க்கொண்டே இருந்தது. இரண்டாம் நாளே மாமா வரப்பில் நின்று, "அந்த மூலைல மிதிபடல, பந்த அங்க அடிங்கம்மா!" என்று பயிற்சியளிக்க ஆரம்பித்துவிட்டார்.

கோல்கீப்பர் பேராவூரணி அக்கா. லாரிக்குத் தேங்காய் வீசிப் பிடித்துப் பழகிய கை. பெனால்டி என்றால் மட்டும் அந்தக் கையை அவளே நம்பமாட்டாள். ஒவ்வொரு உதைக்கும் முன்னால் சித்தியைப் பார்ப்பாள். சித்தி தாடையை ஆட்டிக் காட்டும் பக்கம் பாய்வாள்.

இறுதிப் போட்டியன்று கொட்டும் மழை. எதிரணி வழுக்கி வழுக்கி விழுந்தது. எங்கள் பெண்கள் மாமா வயலில் ஓடுவதுபோல ஓடினார்கள். ஆனாலும் கோல் விழவில்லை. பெனால்டிக்குப் போனது. எங்களுக்கு ஐந்தில் நான்கு. அவர்களுக்கு நான்கு உதையில் மூன்று. ஒன்று கம்பத்துக்கு மேலே பறந்தது. நான்கு முறையும் சித்தியின் தாடை தப்பான பக்கத்தையே காட்டியிருந்தது.

மிச்சம் ஒரே உதை. பிடித்தால் கோப்பை. அக்கா சித்தியைப் பார்த்தாள். சித்தியோ சட்டென்று மைதானத்துக்கு முதுகைக் காட்டி, கயிற்றுக்குப் பின்னால் நின்ற என் பக்கம் திரும்பிவிட்டாள்.

"திரும்பு சித்தி! அக்கா ஒன்னத்தான் பாக்குறாங்க!"

"தெரியும். நீ பாத்துச் சொல்லு."

நான் எங்கே சொன்னேன்? அக்கா வலப்பக்கம் பாய்ந்து, பந்தை நெஞ்சோடு அமுக்கிக்கொண்டு சேற்றில் சறுக்கியபோது நான் கயிற்றுக்கடியில் நுழைந்து ஓடிக்கொண்டிருந்தேன். எழுந்த கூச்சலை வைத்துத்தான் சித்திக்கே தெரிந்திருக்கும். பெண்கள் அவளைத் தூக்கிக்கொண்டுபோய்ச் சேற்றிலேயே போட்டார்கள். "என் வயலு வாங்குன கப்பு" என்று மாமா ஊரெல்லாம் சொன்னார். அணி பிழைத்தது.

வீட்டில் நேரடி வர்ணனை என்னுடையது. "கடைசில சித்தி பயந்துபோய்த் திரும்பிக்கிட்டா!"

"ஆமாடி, பயந்துட்டேன்" என்று தலையைத் துவட்டியபடியே சித்தியும் சிரித்தாள். ஒரு கோல்கீப்பருக்கு இவ்வளவு பயம் ஆகாதே என்று எனக்குப் பல நாள் வருத்தமாக இருந்தது.

இப்போது அதே கல்லூரிக்கு நான்தான் கோல்கீப்பர். போன மாதம் ஒரு பெனால்டி. பழக்கத்தில் எல்லைக்கோட்டுப் பக்கம் பார்த்தேன். சித்தியின் முதுகு தெரிந்தது. அதற்குப் பிறகு, பார்ப்பதற்குப் பந்தைத் தவிர வேறெதுவும் மிச்சமில்லை.